நாலாம் படுக்கையும் மூன்றாவது டாக்டரும்

குழந்தைகள் இதயப் பிரிவுக்குத் தலைவர் இல்லாமல் பதினோரு மாதம் ஓடிவிட்டது. பழைய தலைவர் ஓய்வு பெற்ற அடுத்த வாரமே தேர்வுக் குழு போட்டார்கள். குழு என்றால் கேட்கவா வேண்டும்? கூடினார்கள், பிஸ்கட் தின்றார்கள், அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு கலைந்தார்கள். முதலில் வந்த டாக்டர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். இரண்டாவது வந்தவர் பேட்டியில் தேன் ஒழுகப் பேசினார். பேட்டி முடிந்து லிஃப்டுக்குப் போகும் வழியில், தள்ளுவண்டியோடு குறுக்கே வந்த ஒரு நர்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அதைப் பார்த்தவள் எக்கோ அக்கா. குழுவின் ஏழு பேரில் ஆறு பேர் டாக்டர்கள். ஏழாவது ஆள் அவள். குழந்தைகளின் நெஞ்சில் ஜெல் தடவி, ஒலி அலையால் இதயத்தைத் திரையில் படமாகக் காட்டும் வேலையைப் பதினாறு வருடமாகச் செய்கிறாள். அந்தப் பரிசோதனைக்கு எக்கோ என்று பெயர். அதுவே அவளுக்கும் பெயராகிவிட்டது. அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பேட்டியில எல்லாரும் நல்லவங்கதான் சார். அவங்களுக்குத் தெரியாம சோதிச்சுப் பாக்கணும்" என்று குழுவில் சொன்னது அவள்தான். டாக்டர்களுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப் போயிற்று. மூன்றாவது டாக்டர் வந்து சேர்ந்த புதன்கிழமை, வார்டு குமாஸ்தாப் பெண் ஒருத்தி ஏதோ ஒரு குழந்தையின் சித்தியாக வேஷம் கட்டிக்கொண்டு, வராண்டாவில் அவரை வழிமறித்துக் கத்து கத்தென்று கத்தினாள். மூன்றாவது டாக்டர் நின்று கேட்டார், நாற்காலி கொண்டுவரச் சொன்னார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் அதே சித்தி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு அடுக்குவதைக் கண்டுபிடித்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க சித்தி நல்லா நடிக்கிறாங்க. இன்னும் எத்தனை சோதனை வச்சிருக்கீங்க?" என்றார். கேட்டது பொறுப்பு சாரிடம்.

பொறுப்புத் தலைவர் என்ற பதவியைச் சுருக்கி ஆஸ்பத்திரி வைத்த பெயர் அது. பாவம், மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார். பழைய தலைவர், அக்கா எடுக்கும் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இவருக்கு அதற்கு நேரம் ஏது? அக்கா எழுதியதைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். வருடக் கடைசிக்குள் நிரந்தரத் தலைவர் யாரென்று முடிவாகாவிட்டால், இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் அனுமதி போய்விடும். அவர்கள் இல்லாமல் அறுவைச் சிகிச்சை நடக்காது. இந்த ஊர்க் குழந்தைகள் ஆறு மணி நேரப் பயணத்தில் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதற்கு இன்னும் ஏழு வாரமே இருந்தது.

வியாழக்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது புருஷன் வம்புக்கு இழுத்தான். "டாக்டருக்கே மார்க் போடற ஆளாயிட்டே. எனக்கு எத்தனைன்னும் சொல்லிட்டுப் போ."

"பாத்திரம் கழுவினதுக்கு நாலு. அடுப்பை அணைக்காம போனதுக்கு மைனஸ் பத்து" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள். பத்து மணிக்கு அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மூன்றாவது டாக்டரின் உரை ஒன்பதரைக்குத் தொடங்கியது. குள்ளமான பெண்மணி, ஐம்பதை நெருங்கும் வயது, மைக்கைத் தொடாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரல். ஆய்வு, பயிற்சி, திட்டம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாகத் தன் தவறு ஒன்றைச் சொல்லப்போவதாகச் சொன்னார். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வேலை கேட்டு வந்தவர் தன் தவறைத் தானே எடுத்து வைப்பது தினமும் நடக்கிற காரியமா?

"அப்போ நான் பயிற்சி டாக்டர். அஞ்சு மாசக் குழந்தை. இதயத் தசை பலவீனம், ஏதோ கிருமியால வந்திருக்கும்னு நினைச்சு பதினோரு வாரம் மருந்து கொடுத்தேன்" என்றார். "அது கிருமி இல்லை. தசைக்கு ரத்தம் கொடுக்கிற இடது குழாய், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்லேர்ந்துதானே கிளம்பணும்? லட்சக்கணக்குல ஒரு குழந்தைக்கு அது தப்பா, நுரையீரலுக்குப் போற குழாயில போய்ச் சேர்ந்திருக்கும். தசை பட்டினி கிடந்து பட்டினி கிடந்து செத்துப்போகும்."

திரையில் ஒரு படம் ஓடியது. குழாய் சரியான இடத்தில் சேர்ந்திருப்பது போலவேதான் தெரிந்தது.

"பாருங்க, எவ்வளவு அழகா ஏமாத்துது. பக்கத்துல இருக்கிற ஒரு மடிப்புதான் குழாய் மாதிரி தெரியுது. கலர் போட்டு, வேகத்தைக் குறைச்சு வச்சு, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தாத்தான் தெரியும். நான் பாக்கலை. ஆனா அந்தக் குழந்தை என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்தது. பால் குடிக்கும்போது நெஞ்சு வலிக்கும் அதுக்கு. வேர்க்கும், வெளுத்துப் போகும், அலறும். வயித்து வலின்னு எழுதி வச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கண்டுபிடிச்ச அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனோம். லிஃப்டுலயே போயிடுச்சு."

அக்கா அதற்கப்புறம் உரையைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை. நாலாம் படுக்கை. நாலு மாதப் பெண் குழந்தை, இதயத் தசை பலவீனம். அன்று இருபத்தி நாலு குழந்தைகள். கூட வேலை செய்யும் பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். நாலாம் படுக்கைக் குழந்தை திமிறிக்கொண்டே இருந்தது. அதன் அம்மா பக்கத்தில் நின்று சொன்னது, இப்போது காதருகில் சொல்வது போலக் கேட்டது.

"பால் குடிக்கும்போது யாரோ கிள்ளின மாதிரி அலறுது அக்கா. முகமெல்லாம் வேர்த்து வெள்ளையாயிடுது."

"சின்னக் குழந்தைங்க அப்படித்தான்மா. குழாயெல்லாம் நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க."

அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரமே கிடையாது. படம் எடுப்பதுதான் அவள் வேலை, பலன் சொல்வது டாக்டர் வேலை. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. குழாயின் மேல் ஒரு அம்புக்குறி போட்டு, சாதாரணம் என்று எழுதினாள். கலர் போட்டாளா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். போட்ட நினைவும் இல்லை, போடாத நினைவும் இல்லை. கைதட்டல் கேட்டது. அவளும் தட்டினாள்.

உரை முடிந்ததும் பொறுப்பு சாரை மாடிப்படி ஓரமாக மடக்கினாள்.

"சார், நாலாம் படுக்கையை மறுபடி பாக்கணும். இப்பவே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்கதானே பாத்தீங்க? சாதாரணம்னு எழுதியிருந்தீங்களே."

"எழுதினேன். நீங்க படத்தை ஓடவிட்டுப் பாத்தீங்களா சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படத்தை அவர் பார்க்கவில்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் தனக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேளுங்க. நாலு மணிக்கு அவங்க பேட்டியெல்லாம் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் பாத்துக்கலாம். ரெண்டு பேரை ஏற்கெனவே கோட்டை விட்டாச்சு. அவங்க சொன்ன அதே நோயை நாம தவற விட்டுட்டு, இன்னைக்கு வார்டுல குறுக்கும் நெடுக்கும் ஓடினா அவங்க வருவாங்களா? குழந்தை நாலு நாளா அப்படியேதானே இருக்கு. இன்னும் அஞ்சு மணி நேரம். இது ஒரு குழந்தை விஷயம் இல்லை அக்கா, எல்லாக் குழந்தைங்க விஷயமும்தான்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவர் சொல்லியிருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பாள்.

பதினொன்று இருபதுக்கு மூன்றாவது டாக்டர் அக்காவின் எக்கோ அறைக்கு வந்தார். குழு உறுப்பினர் ஒவ்வொருவரோடும் அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அக்காவின் மடியில் அச்சடித்துக் கிடந்தன. ஒன்றைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

"நீங்க கேள்வி கேக்கறதைவிட, நீங்க வேலை செய்யறதைப் பாத்தா எனக்கு நல்லாப் புரியும்" என்றார் மூன்றாவது டாக்டர்.

அக்காவுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. விருந்தாளிக்கு வேலையைக் காட்டுகிறேன் என்று போனால் யார் தடுப்பார்கள்? பொறுப்பு சார் சொன்னதை மீறியது போலவும் இருக்காது, மனசும் ஆறிவிடும். சந்தேகம் இருக்கிறது என்று அந்த டாக்டரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும். மானம் தடுத்தது. பதினாறு வருட மானம்.

"வாங்க டாக்டர். தசை பலவீனம்னு ஒரு குழந்தை இருக்கு. எப்படிப் பாக்கறோம்னு காட்டறேன்."

மூன்றாவது டாக்டரின் புருவம் ஒரு நொடி உயர்ந்து இறங்கியது. "சரி" என்றார். ஏனோ புன்னகைத்தார்.

நாலாம் படுக்கையில் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகச் சீவாத தலை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அக்காவைக் கொன்றது.

"மறுபடியும் பாக்கணுமா அக்கா?"

"இவங்க வெளியூர் டாக்டர். சும்மா காட்டறேன்மா. உங்களுக்குச் சம்மதம்தானே?"

மூன்றாவது டாக்டர் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்த ஆஸ்பத்திரியில் அவர் இன்னும் விருந்தாளிதான். நோயாளியைத் தொட அனுமதி இல்லை. அக்கா ஜெல்லைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்தாள். திரையில் அந்தச் சின்ன இதயம் தெரிந்தது. ஊதிப் பெருத்து, சோர்ந்துபோய், ஏதோ கடமைக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

குழாய் கிளம்பும் இடத்துக்கு வந்தாள். சேர்ந்தாற்போலத்தான் இருந்தது. கலர் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள். குழந்தை காலை உதைத்தது. திரையெல்லாம் சிவப்பும் நீலமும் சிதறின. மறுபடி வைத்தாள். சிவப்பாக ஒரு கீற்று வந்தது, போனது. சரியான பக்கம்தானே ஓடுகிறது? ஓடுகிறது. ஓடுவதாகத்தான் தெரிந்தது. கடவுளே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பார்த்தாள். பயந்துபோன கண்ணுக்கு எது வேண்டுமோ அதுதான் தெரிந்தது.

ஓரக்கண்ணால் மூன்றாவது டாக்டரைப் பார்த்தாள். தவறாக ஏதாவது இருந்தால் இவர் சொல்லாமல் இருப்பாரா? இந்த நோயைப் பற்றி இன்று காலையில்தானே அவ்வளவு பேசினார்? அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். முகத்தில் அதே சின்னப் புன்னகை. ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நிமிடம். படங்களின் மூலையில் நேரம் பதிவாகியிருந்ததால் பிறகு எல்லாருக்கும் அது தெரிந்தது.

"ரொம்ப நேர்த்தியா எடுக்கறீங்க" என்றார் மூன்றாவது டாக்டர் கடைசியில்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெல்லைத் துடைத்தாள். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுக் கொஞ்சினாள். "தங்கம், சமத்து" என்றாள். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தபோது அழுகை வரும்போல இருந்தது. நல்ல அழுகை.

மூன்றாவது டாக்டர் கூடவே நடந்தார். "பிரமாதமான கேஸ். எங்க பிடிச்சீங்க? என் உரைக்கான படங்களைப் போன வாரமே வாங்கி வச்சுக்கிட்டு அதே மாதிரி ஒண்ணைத் தேடிப் பிடிச்சிருக்கீங்க. விடையை இப்பச் சொல்லட்டுமா, இல்லை சாயந்திரம் எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?"

"என்ன விடை டாக்டர்?"

"நீங்க வச்ச சோதனைக்கு. இடது குழாய் நுரையீரல் குழாயில இருக்கு. முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சிடுச்சு. ஓட்டம் தலைகீழா இருக்கு, வலது குழாய் பெருத்திருக்கு, தசை நுனி வெள்ளையா மின்னுது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிடறேனா, பொறுமையா இருக்கேனான்னு பாத்தீங்க, இல்லையா? அம்மாவையும் நல்லா நடிக்க வச்சிருக்கீங்க. சித்தியைவிட இவங்க தேவலை. ஆபரேஷன் எப்போ வச்சிருக்கீங்க?"

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா?" மூன்றாவது டாக்டரின் புன்னகை மெல்லக் கழன்று விழுந்தது. "இது சோதனைதானே?"

"இல்லை."

"அந்தம்மா..."

"நிஜ அம்மா. நிஜக் குழந்தை. யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான்தான் நல்லா இருக்குன்னு எழுதினேன்."

மூன்றாவது டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டியிருந்த கைகளை அப்போதுதான் பிரித்தார். "நான் பாத்துக்கிட்டு நின்னேனே" என்றார். "பாத்துக்கிட்டுச் சும்மா நின்னேனே." அடுத்த நொடி அந்தக் குரல் மாறிவிட்டது. "யாரு இருக்காங்க? பொறுப்பு டாக்டர் எங்க? அந்தக் குழந்தைக்கு யாரும் பால் கொடுக்கக் கூடாது. அழ விடக் கூடாது. ஓடுங்க அக்கா, ஓடுங்க!"

அக்கா ஓடினாள். நாற்பத்தேழு வயதில், முட்டி வலியோடு, ஆஸ்பத்திரியில் ஓடக் கூடாது என்று தானே பத்துப் பேருக்குச் சொன்ன அந்த வராண்டாவில் ஓடினாள்.

அம்மா ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு பாலூட்டத் தயாராகிக்கொண்டிருந்தாள். அக்கா கிட்டத்தட்டக் குழந்தையைப் பிடுங்கினாள்.

பொறுப்பு சார் வந்து, புதிதாக எடுத்த படங்களை முழுதாக ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமைப் படங்களையும் பார்த்தார். அதில் கலரே போடவில்லை. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். நல்ல வேளை, சர்ஜனின் மத்தியான அறுவை ஒன்று தள்ளிப்போயிருந்தது. இரண்டு மணிக்குத் தியேட்டர் என்று முடிவாயிற்று. இனி அந்த இரண்டு மணிவரை குழந்தை தாங்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்ல அக்காவும் பொறுப்பு சாரும் போனார்கள். பொறுப்பு சார் நோயை விளக்கினார், அறுவையை விளக்கினார், ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"நீங்க நல்லா இருக்குன்னீங்களே அக்கா."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"அது வலியில அழுதுச்சா? இத்தனை நாளும் வலியிலயா அழுதுச்சு?"

அக்காவால் ஆமாம் என்று தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. அவள் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து, வலிக்கிற இடத்தைத் தேடுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்குக் குழந்தை லிஃப்டில் ஏறியது. கதவு மூடியதிலிருந்து தியேட்டர் தளத்தில் திறக்கும்வரை அக்கா மூச்சே விடவில்லை. பக்கத்தில் மூன்றாவது டாக்டர் நின்றார். அவரும் விடவில்லை என்று தோன்றியது. லிஃப்டைப் பற்றி அவர் காலையில் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது, இருவருமே அதைப் பேசவில்லை.

நாலு மணிக்குக் குழு கூடியது. இறுதிப் பேட்டி. மூன்றாவது டாக்டர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினார்.

"காலையில ஒரு பழைய தவறைச் சொன்னேன். இப்போ புதுசா ஒண்ணு. இன்னைக்கு ஒன்பது நிமிஷம் ஒரு குழந்தையோட நோயைப் பாத்துக்கிட்டு, எனக்கு இந்த வேலை வேணும்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். நீங்க என்னைச் சோதிக்கறீங்கன்னு நினைச்சேன். அது சமாதானம் இல்லை, காரணம். நான் இங்க வந்தா முதல் நாளே இந்த வேஷம் கட்டற வேலையை நிறுத்துவேன். எது நிஜம்னு தெரியாத இடத்துல வைத்தியம் பண்ண முடியாது. அவ்வளவுதான். இனிமே நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் எழுந்து வெளியே போனார். பிறகு ஒருவர், அனுமதி இல்லாமல் வார்டுக்குள் போனது விதிப்படி சரியா என்று ஆரம்பித்தார். இன்னொருவர், ஒன்பது நிமிடம் சும்மா நின்றவரை எப்படி எடுப்பது என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். மேலே தியேட்டரில் ஒரு குழந்தையின் நெஞ்சு திறந்து கிடக்கும்போது கேட்கப்பட்ட நியாயமான கேள்விகள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நான் கொஞ்சம் பேசலாமா? தெரியாம சோதிக்கணும்னு யோசனை சொன்னது நான். நான் திங்கக்கிழமையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் தப்பை வச்சுக்கிட்டு இருந்தேன். பொறுப்பு சார் நாலு மணி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். அவங்க ஒன்பது நிமிஷம். அதையும் அவங்களேதான் சொன்னாங்க, நாம கண்டுபிடிக்கலை. எங்க மூணு பேர்ல யாரு இங்க இருக்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறம் விதியைப் பேசலாம்."

எல்லாரும் பொறுப்பு சாரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. "அக்கா சொல்றது உண்மை" என்றார். "நான்தான் பொறுக்கச் சொன்னேன்." முதலில் உயர்ந்த கை அவருடையது. அப்புறம் ஒவ்வொன்றாக ஏழும் உயர்ந்தன.

கைகளை இறக்குவதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள்; ஒருவரும் எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள்.

"இதயம் துடிக்குது. ஓட்டத்தைப் பாத்துட்டு மூடணும். மேலே வாங்க" என்றது சர்ஜனின் குரல்.

தியேட்டரில் சர்ஜன், உறை போட்ட கருவியை நேராக இதயத்தின் மேலேயே வைத்துப் பிடித்தார். அக்கா எக்கோ இயந்திரத்தில் கலர் போட்டாள், வேகத்தைக் குறைத்தாள். இடது குழாய்க்குள் ரத்தம் சரியான பக்கம் ஓடியது. சந்தேகமே இல்லாமல் ஓடியது. இருந்தாலும் காலையிலும் இதே கண்தான் பார்த்தது.

"சரியா இருக்கா அக்கா? மூடலாமா?"

"எனக்குச் சரியாத்தான் தெரியுது சார். ஆனா என் பேச்சை மட்டும் வச்சு மூடாதீங்க. இன்னொருத்தர் பாக்கணும்."

"இன்னொருத்தருக்கு எங்க போறது? பதினோரு மாசமா நாற்காலி காலியாக் கிடக்கு!" என்று சர்ஜன் முகமூடிக்குள்ளிருந்து கத்தினார்.

"நான் இருக்கேன்" என்றார் பொறுப்பு சார். பின்னாலேயே வந்திருந்தார். திரைக்கு முன் குனிந்து, ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாம் முறையும் பார்த்தார். சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். "சரியா ஓடுது, மூடுங்க" என்றார் கடைசியில்.

ஆறு மணிவாக்கில் அக்காவும் பொறுப்பு சாரும் எக்கோ அறைக்குத் திரும்பினார்கள். அம்மாவிடம் சர்ஜனே சொல்லிவிட்டார். மூன்றாவது டாக்டர் வருவதாகச் சம்மதம் சொல்லிவிட்டாராம். ஆனால் பழைய ஆஸ்பத்திரியில் நாலு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகுதான் விடுவார்களாம். பொறுப்பு சார் அதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போங்க அக்கா, இன்னைக்கு இது போதும் என்றார்.

அக்கா உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். எதையோ தட்டித் தேடினாள். திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"என்ன அது?"

"தசை பலவீனம்னு நான் எழுதின குழந்தைங்க சார். குழாய் சாதாரணம்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டது."

"இந்த வாரமா?"

"நீங்க கையெழுத்துப் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. முப்பத்தோரு பேர்."

பொறுப்பு சார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் அந்தப் பட்டியலையே பார்த்தார். "இவங்கள்லாம் இப்போ எங்க இருக்காங்க?"

"நாலாம் படுக்கையைச் சேத்து வார்டுல ரெண்டு பேர். இருபத்தேழு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க, மருந்து சாப்பிடறாங்க."

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"மீதி ரெண்டு பேர் தவறிட்டாங்க சார்" என்றாள் அக்கா.

வெளியே வராண்டாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"வீட்டுல இருக்கறவங்களை மொதல்ல பாப்போம் அக்கா. அவங்களையாவது காப்பாத்த முடியும். அந்த ரெண்டையும்... திறந்துதான் ஆகணுமா?"

அவளுக்கும் திறக்க மனமில்லை. ஆனாலும் அந்த ரெண்டு அம்மாக்களிடமும் திங்கட்கிழமை சொன்னதையேதான் சொல்லியிருந்தாள். அவர்களுடைய முகமும் நினைவிருந்தது.

"ஆகணும் சார். இருபத்தேழையும் பாத்து முடிச்சதும், அதையும் பாத்துட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று சொல்லி, அக்கா முதல் பெயரைத் திறந்தாள்.